தோட்டத்துத் தகரம் தெருவுக்கு வந்த விவரம்

மதுரை ஜில்லா, உத்தமபாளையம் தாலுகா, காமயகவுண்டன்பட்டி கிராமம், மேலத் தெருவில் குடியிருக்கும் அழகர் மகன் சுருளியாண்டி, வயது 58, தொழில் திராட்சை விவசாயம், 12-7-1979 காலையில் காவல் நிலையத்தில் ஆஜராகி, கேட்ட கேள்விகளுக்குச் சொல்லும் வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் என் சம்சாரத்துடன் குடியிருந்து வருகிறேன். எழுதப் படிக்கத் தெரியும். ஊர்க் கடைசியிலிருந்து சுருளி மலை அடிவாரம் வரைக்கும் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் என்னுடைய திராட்சைப் பந்தல் என்று சொன்னேன். இதை எழுதும் ஏட்டையா பட்டா நம்பர் கேட்டதின்பேரில் ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு என்று திருத்திக்கொள்கிறேன். என் பந்தலில் காய்க்கும் குலை ஒன்றை இரண்டு ஆள் மூங்கிலில் கட்டித்தான் தூக்க வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னேன். வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டார். எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஊரில் எனக்கு ஆகாசப்புளுகன் என்ற பட்டம் உண்டு. அது எந்த ராஜாவும் கொடுத்ததல்ல, நானே பாடுபட்டுச் சம்பாதித்தது. இதை முன்கூட்டியே சொல்லக் காரணம், இந்த வாக்குமூலத்தில் சில இடங்களில் என் வாய் தன்னால் கூட்டிச் சொல்லும். ஏட்டையா நிறுத்தினால் குறைத்துக்கொள்வேன். பூமாரி சம்பந்தப்பட்ட இடங்களில் மட்டும் ஒரு குன்றிமணி அளவும் கூட்டவில்லை.

மேற்படி பூமாரி என் உடன்பிறந்த அக்காள் ராஜமணியின் மகள். பிறந்து வளர்ந்தது பெரியகுளம் பக்கம் ஜெயமங்கலம். சிறு பிள்ளையாக இருக்கும்போது நான் அங்கே போனால் என் மடியைவிட்டு இறங்காது. நான் கதை சொல்வேன். சுருளி மலையில் ஒரு புலியின் வாலைப் பிடித்துவிட்டேன், விட்டால் கடிக்குமே என்று விடாமல் பிடித்துக்கொண்டேன், அது என்னை இழுத்துக்கொண்டு குமுளி வரைக்கும் ஓடியது என்று சொல்வேன். "அப்புறம் மாமா?" என்று கேட்கும். அப்புறம் ரெண்டு பேருக்கும் களைப்பாகி, குமுளியில் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம் என்பேன். "புலிக்கு யாரு மாமா டீ ஆத்திக் குடுத்தா?" என்று கேட்கும். உலகத்தில் என் பேச்சை நிறுத்தச் சொல்லாமல் மேலே கேட்ட ஒரே ஜீவன் அது.

அதன் பிறகு பூமாரி வளர்ந்து, எங்கள் ஊரிலேயே பள்ளிவாசல் தெருவில் இருக்கும் தவசி என்பவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது. தாய்மாமன் இருக்கும் ஊர்தானே, ஒரு கூப்பிடு தூரம்தானே என்று என் அக்காள் தைரியமாகக் கொடுத்தாள். மேற்படி தவசி, மலைமேல் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் டிரைவர். வீட்டில் அவருடைய தாயார் சண்முகத்தாய் மட்டும். அடுத்த வீட்டில் முகைதீனும் அவர் சம்சாரம் ஜெய்த்தூன் பீவியும் இருக்கிறார்கள். முகைதீனும் அதே முதலாளியிடம் ஜீப் ஓட்டுகிறவர். அந்தத் தெருவின் பின்பக்கம் புறவாசலைத் தாண்டினால் திராட்சைப் பந்தல்கள்தான், என்னுடையதும் அங்கேதான்.

கலியாணம் ஆன முதல் வருஷம் ஒரு குறையும் தெரியவில்லை. அதன் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பூமாரி தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தது. மரியாதைக்கு என்று நினைத்தேன். அதன் பிறகு ஒருநாள் செம்பை வாங்கும்போது வலது மணிக்கட்டு வீங்கியிருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்குக் கதவு இடித்துவிட்டது என்று சொன்னது. இன்னொரு நாள் முடியை இழுத்துக் காதை மூடிக் கொண்டை போட்டிருந்தது. முடி விலகியபோது பார்த்தேன், காதில் தோடு இல்லை, தோடு இருந்த இடம் கிழிந்திருந்தது. கேட்டதற்கு அதுவும் கதவுதான் என்று சொன்னது. அந்த வீட்டு நிலைக்கதவு என் மருமகளைத் தேடித் தேடி வந்து இடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்துபோய் அந்தக் கதவைச் சோதித்துப் பார்த்தேன். பாவம், தாழ்ப்பாள்கூடச் சரியாக விழாத வயசான கதவு அது.

நான் ஆட்டை யானை ஆக்குகிறவன். பூமாரி யானையை எறும்பாக்கி முந்தானையில் முடிந்துகொள்ளும். அது சிரிக்கட்டும் என்று, என் பந்தலில் புகுந்த சாரைப்பாம்பு ரயில்வண்டி நீளம் இருந்தது, தலை தோட்டத்தில், வால் போடி ஸ்டேஷனில் என்று சொன்னேன். அது "அப்புறம்" கேட்கவில்லை. தெருமுனையில் ஜீப் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு விஷயம் விளங்கியது அப்போதுதான்.

அதன் பிறகு நான் ஜெயமங்கலம் போய் என் அக்காளிடம் சொன்னேன். அக்காள் அழுதாள், அழுதுகொண்டே, "போன எடத்துல அது பொறுத்துப் போகணும்டா, நாளைக்கு ஒரு பிள்ளை பொறந்தா அவரு சரியாயிருவாரு" என்று சொன்னாள். பிறக்காத பிள்ளை வந்து பெரியவனுக்குப் புத்தி சொல்லுமா என்று கேட்டேன்.

அதன் பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்த இடத்துக்குப் போய், மணிக்கட்டையும் காதையும் பற்றி உள்ளது உள்ளபடி சொன்னேன். வாழ்நாளில் நான் கூட்டாமல் பேசியது அன்றைக்குத்தான். அவர்கள் சிரித்துவிட்டு, "சுருளியாண்டி, நீரு சொல்றத நாலுல ஒண்ணாத்தான்யா எடுத்துக்கிரணும். நாலுல ஒண்ணுனா ஒரு அறை. ஒரு அறை விழாத வீடு எங்கன இருக்கு?" என்று சொன்னார்கள். வகுத்துப் பார்த்தே பழகிய ஊர். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அதன் பிறகு மாப்பிள்ளை தவசியிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வெளியில் அவரைப்போல அடக்கமான ஆள் கிடையாது. "கோவத்துல கை நீண்டுருது சின்னையா. மேல மொதலாளி வாய்க்கு வந்தபடி பேசுறாக, மனசு கெட்டுப் போகுது" என்று சொன்னார். ஊரில் சிலர் அவர் குடித்தால்தான் அடிக்கிறார் என்றும் சொன்னார்கள். இந்த இரண்டு காரணத்தையும் நான் பல நாள் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து யோசித்தேன். மலை ஏறி, மதுவிலக்கு இல்லாத கேரள எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் ஜீப்பைக் கோடு போட்டதுபோல இறக்கிக்கொண்டு வருகிறவருக்குப் போதை வீட்டு வாசப்படியில் வந்துதான் ஏறுமா? அதே முதலாளி அதே மலையாளத்தில் முகைதீனையும்தான் வைகிறார். முகைதீன் வீட்டுக்கு வந்து பூனையைக்கூட அடித்ததில்லை. அதனால் கோபமும் குடியும் காரணம் இல்லை, சாக்கு என்று முடிவுக்கு வந்தேன். முதலாளியை அடித்தால் என்ன ஆகும் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். பூமாரியை அடித்தால் ஒன்றும் ஆகாது என்றும் தெரியும். இதை ஏட்டையாவை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு அடுத்த வீட்டு ஜெய்த்தூன் பீவியிடம் விசாரித்தேன். "ஒங்க வீட்டுக்குச் சத்தம் கேக்குமா தங்கச்சி?" என்று கேட்டேன். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, "கேக்கும்ண்ணே. கேட்டதும் ரேடியோவக் கூட்டி வச்சிருவேன்" என்று சொன்னது. எதற்காக என்று கேட்டேன். "எங்க காதுல விழுந்துச்சுனு தெரிஞ்சா, விடிஞ்சு கொழாயடியில எம்மொகத்தப் பாக்க பூமாரி வெக்கப்படும்லண்ணே" என்று சொன்னது. தெருவில் விசாரித்ததில் அத்தனை வீட்டிலும் அதே வழக்கம். ரேடியோ உள்ள வீட்டில் ரேடியோவைக் கூட்டுவார்கள், இல்லாத வீட்டில் அம்மியை இழுத்துப்போட்டு ஒன்றுமில்லாததை அரைப்பார்கள். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. பூமாரியின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தெருவே சேர்ந்து அதன் அழுகையை மூடி வைத்திருந்தது.

அதன் பிறகுதான் எனக்குத் தகரத்தின் ஞாபகம் வந்தது. ஏட்டையா வெளியூர்க்காரர் என்பதால் இதை விளக்கிச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பழம் கனியும் காலத்தில் கொண்டைக்குருவியும் மைனாவும் கூட்டமாக வந்து பந்தலில் இறங்கும். வானம் மறைந்து சூரியன் வழி தெரியாமல் திரும்பிப் போகும் அளவுக்கு வரும். இதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவும். எண்ணெய் டின்னை வெட்டிக் கயிற்றில் தொங்கவிட்டுக் குச்சியால் தட்டி விரட்டுவோம். ஒரு பந்தலில் தட்டினால் குருவி எழுந்து அடுத்த பந்தலில் உட்காரும். ஆகையால் ஒரு தகரம் சத்தம் கேட்டால் பக்கத்துப் பந்தல்காரனும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுத் தட்ட வேண்டும், அவனுக்கு அடுத்தவனும் தட்ட வேண்டும். பங்காளிச் சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாதவனும் இதற்கு மட்டும் தட்டுவான். தட்டாமல் இருக்கிறவன் பந்தலில்தான் அத்தனை குருவியும் வந்து இறங்கும்.

அதன் பிறகு சித்திரை மாதம் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனேன். திரும்பியதும் மருமகளுக்குத் திருவிழாச் சீர் என்று சொல்லி ஊர்வலம் புறப்பட்டேன். ஏழு யானையும் ஒட்டகமும் முன்னால் போயின. ஏட்டையா கேட்டதின்பேரில், ஒரு மாட்டுவண்டியும், அதன் பின்னால் அழைக்காமல் வந்த ஒரு வெள்ளாடும் என்று திருத்திக்கொள்கிறேன். மேளக்காரர்கள் வந்தது உண்மை. தாம்பாளங்களில் வளையல், பூ, ரவிக்கைத் துணி, சேவு, பொரிகடலை வைத்திருந்தேன். அவற்றுக்குப் பின்னால் தெருவில் வீட்டுக்கு ஒன்று வீதம் வெட்டிய தகரமும் புளியங்குச்சியும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு இட்டிருந்தேன். தாய்மாமன் சீர் கொண்டுவந்தால் வாங்க மாட்டேன் என்று எந்த வீடும் சொல்ல முடியாது. வாசல்தோறும் நின்று கொடுத்தேன்.

ஜெய்த்தூன் பீவி, "எங்க தெருவுல பந்தல் ஏதுண்ணே?" என்று கேட்டது. "பந்தல் இல்லாட்டி என்ன தங்கச்சி, காது இருக்குல்ல. ஒரு தகரம் கேட்டா அடுத்த தகரமும் கேக்கணும். இது தோட்டத்துச் சட்டம்" என்று சொன்னேன். நான் பூமாரி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அந்த அம்மாள்தான் திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு உள்ளே போய், பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்திவிட்டு வந்து தகரத்தை வாங்கிக்கொண்டது.

கடைசியில் தவசி வீட்டுக்கும் ஒரு தகரம் கொடுத்தேன். மாப்பிள்ளை வாசலில் நின்று சிரித்தார். "சின்னையாவுக்குக் கிறுக்கு முத்திருச்சு. எங்க வீட்ல கொடியும் இல்ல குலையும் இல்ல" என்றார். சண்முகத்தாய் மதினி மட்டும் சிரிக்கவில்லை. "என்ன கொழுந்தனாரே, ஒங்க புளுகுக்கு இது புது வாத்தியமாக்கும்?" என்று கேட்டுவிட்டுத் தகரத்தை வாங்கிப் புறவாசல் ஆணியில் மாட்டியது.

அதன் பிறகு நான் நினைத்தது நடக்கவில்லை. வைகாசியில் ஒரு சாயங்காலம் அந்த வீட்டில் மறுபடியும் சத்தம் கேட்டது. தெருவில் ரேடியோ கூடவில்லை, அம்மி இழுபடவில்லை. அதே நேரம் தகரத்தையும் ஒருவரும் தட்டவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் குச்சியைக் கையில் எடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் தட்டட்டும், நாமும் தட்டலாம் என்று ஒருவருக்கொருவர் காத்து நின்றார்கள். இரண்டாவது தகரம் தட்டத் தெருவே தயார், முதல் தகரம் தட்டத்தான் ஆள் இல்லை. இதை ஜெய்த்தூன் பீவி மறுநாள் என்னிடம் சொல்லி அழுதது. "நாளைக்கு நாந்தான் மொதல்ல தட்டுவேன்ண்ணே" என்று சொன்னது. நானும் என் தோட்டத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

அதன் பிறகு, இந்த மாதம் பத்தாம் தேதி, பொழுது சாயும் நேரம். வீட்டுக்குள் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, மேற்படி சண்முகத்தாய் சொல்லக் கேட்டதைச் சொல்கிறேன். ஜீப் சாவி வைத்த இடத்தில் இல்லை என்பது அன்றையக் காரணம். சாவி தவசியின் சட்டைப் பையிலேயே இருந்ததாகப் பிறகு தெரிந்தது. பூமாரியின் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதியிருக்கிறார். பூமாரி சத்தம் போடவில்லை. "அத்தை, அடுப்புல பால் பொங்குது, எறக்கிருங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறது. சண்முகத்தாய் பாலை இறக்கி வைத்தது. அதன் பிறகு புறவாசலுக்குப் போய் ஆணியில் கிடந்த தகரத்தை எடுத்து வந்து, தெரு வாசப்படியில் உட்கார்ந்து, மடியில் வைத்துத் தட்டியது.

என் தோட்டத்துக்கு அந்தச் சத்தம் கேட்டது. எந்தப் பந்தல் என்று யோசிக்கும் முன்பே என் கை என் தகரத்தைத் தட்டிவிட்டது, தோட்டக்காரன் கை அப்படி. எனக்கு அடுத்த பந்தலில் தட்டினார்கள், அதற்கு அடுத்ததிலும் தட்டினார்கள். சத்தம் மலையடிவாரம் வரைக்கும் போய்விட்டது. அந்தச் சத்தத்தில் குமுளியில் தேயிலை கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள் என்று சொன்னேன். விசாரித்து எழுதலாம் என்று ஏட்டையா சொன்னதால் விட்டுவிடுகிறேன். குருவி ஒன்றும் இல்லாததைப் பார்த்தபின் சத்தம் தெருவிலிருந்து வருகிறது என்று விளங்கி, நாங்கள் பந்தலுக்குள் குனிந்து ஓடி, புறவாசல் வழியாகத் தெருவுக்கு வந்தோம்.

அங்கே அத்தனை வாசலிலும் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெய்த்தூன் பீவி முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு தட்டியது. முகைதீன் தகரம் கிடைக்காமல் முதலாளியின் ஜீப் பானட்டையே இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். நடுவில் வாசப்படியில் சண்முகத்தாய், வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடது கையால் தட்டியது. அதன் வலது மணிக்கட்டு வெகு காலமாகக் கோணல், மடக்க வராது. அது எப்படி ஆனது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பேசியதில்லை. அதன் வீட்டுக்காரர் இறந்தே வெகு காலம் ஆகிறது.

மாப்பிள்ளை தவசி உள்ளிருந்து வெளியே வந்தார். "ஆத்தா, நிறுத்து. ஊரே பாக்குது" என்று சொன்னார்.

"பாக்கட்டும்ப்பா. பாக்கத்தான் தட்டுறேன்" என்று சண்முகத்தாய் திரும்பாமலே சொன்னது. "நான் அடி வாங்கையில இந்தத் தெரு ஒலக்கையப் போட்டு ஒரல இடிச்சுச்சு. இவளுக்கு ரேடியோ. நீ அன்னைக்கு எம்முந்தானைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு நடுங்குவ. அதெல்லாம் மறந்துட்டியாப்பா?" என்று சொன்னது. தவசியின் கையை ஒருவரும் பிடிக்கவில்லை, அவர்மீது ஒருவர் விரலும் படவில்லை. அவராகவே கையை வேட்டியில் துடைத்தார், பிறகு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு தகரமாக நின்றது. பூமாரி வெளியே வந்தது. நெற்றியில் இரத்தம் இருந்தது. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நிதானமாகப் பார்த்தது. அதன் பிறகு ஜெய்த்தூன் பீவியிடம், "அக்கா, இம்புட்டு நாளும் ஒங்களுக்குக் கேட்டுச்சா?" என்று கேட்டது. "ரேடியோ சத்தம் கூடும்போதெல்லாம், எல்லாரும் சந்தோசமா இருக்காக, எனக்குத்தான் இப்பிடினு நெனச்சுக்கிருவேன்க்கா" என்று பூமாரி சொன்னது. ஜெய்த்தூன் பீவி தன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி, குனிந்து, வெறுங்காலோடு நின்ற பூமாரியின் காலருகே வைத்தது. பூமாரி போட்டுக்கொண்டது. அந்தச் செருப்பு அதற்குப் பெரிது.

அதன் பிறகு நான், "எங்கன போகணும் ஆத்தா?" என்று கேட்டேன். "மொதல்ல சோறு மாமா" என்று சொன்னது. பெரிய செருப்பு சரட்டு சரட்டென்று இழுபடப் பூமாரி முன்னால் நடந்தது, சண்முகத்தாய் தகரத்தைக் கையில் பிடித்தபடியே அதன் பின்னால் நடந்தது, நான் கடைசியில் நடந்தேன். என் சம்சாரம் சோறு போட்டாள், நெற்றிக்குக் கட்டுப் போட்டாள். மாமியாரும் மருமகளும் ஒரே பாயில் தூங்கினார்கள். ஆகையால் நான் பூமாரியைக் கடத்திச் சென்றேன் என்று தவசி மறுநாள் இந்த நிலையத்தில் கொடுத்த மனுவில் சொல்லியிருப்பது சரியல்ல. யார் யாரைக் கூட்டிப்போனது என்று கேட்டால், பூமாரிதான் என்னைக் கூட்டிப்போனது.

இருநூறு பேர் பயங்கர ஆயுதங்களுடன் தன் வீட்டைச் சூழ்ந்ததாகவும் மனுவில் கண்டிருக்கிறது. அந்தத் தெருவில் கைக்குழந்தை, கோழி, குஞ்சு, மேலே சொன்ன வெள்ளாடு எல்லாவற்றையும் சேர்த்தாலும் இருநூறு வராது. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், என்னையே மிஞ்சிவிட்டார். மாப்பிள்ளைக்கு என் பட்டத்தைக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். பயங்கர ஆயுதம் என்பது சந்தனப் பொட்டு வைத்த எண்ணெய்த் தகரம். அதில் ஒன்றை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

முதலில் தகரம் தட்டியது யார் என்று ஏட்டையா திரும்பத் திரும்பக் கேட்டார். எதிரிகள் பட்டியலில் முதல் பெயராக யாரைப் போடுவது என்று தெரிய வேண்டும் என்றார். தகரம் கொடுத்தவன், சட்டம் சொன்னவன், தாய்மாமன் எல்லாம் நான் என்பதால் என் பெயரை முதலில் எழுதும்படி கேட்டுக்கொண்டேன். வெளியே பெஞ்சில் இருந்த சண்முகத்தாய் அதைக் கேட்டுவிட்டு, "ஏட்டையா, எம்பேர மொதல்ல எழுதுங்க. அவுக வந்தது எல்லாம் முடிஞ்சு கடேசியில. இதுலயும் புளுகுறாக" என்று சத்தம் போட்டது. நான் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதன் பிறகு இன்று காலை இங்கே வந்த பெரியவர்கள், இரண்டு பக்கமும் சமாதானமாகப் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பூமாரியை மாப்பிள்ளையோடு அனுப்பிவையுங்கள் என்று சொன்னார்கள். அனுப்புவதற்கு அது தபால் இல்லை, அதையே கேளுங்கள் என்று சொன்னேன். கேட்டார்கள். பூமாரி எழுந்து நின்று, "அவரோட ஒரு வீட்ல இருக்க எனக்குப் பயமா இருக்கு. நான் போகல" என்று சொன்னது. நான் அறிந்தவரையில் பூமாரி தன் விஷயத்தைக் குறைக்காமல் சொன்னது இதுவே முதல் தடவை. நான் வாயைத் திறக்கவில்லை, இதுவும் முதல் தடவை.

அப்படியானால் அந்தப் பெண் எங்கே போகும், தாய் வீட்டுக்கா, மாமன் வீட்டுக்கா என்று பெரியவர்கள் கேட்டார்கள். அதற்குச் சண்முகத்தாய், "அவ எதுக்கு எங்கயும் போகணும்? வீடு எங்கப்பாரு எனக்கு எழுதி வச்சது. நானும் மருமகளும் அங்கன இருக்கோம். அடிச்சவன் வெளிய இருக்கட்டும்" என்று சொன்னது. இத்தனை பேர் கூடி யோசித்ததில் இது யாருக்கும் தோன்றவில்லை. அடி வாங்கியவள்தான் மூட்டை கட்ட வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன் என்பதைச் சொல்லிக்கொள்கிறேன்.

மேற்படி தவசி சுவரோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் தோட்டத்தில் காவல் குடிசை ஒன்று இருக்கிறது. கட்டிலும் உண்டு, பாம்பும் உண்டு, ரயில்வண்டி நீளம் இல்லை. அதில் மாப்பிள்ளை தங்கிக்கொள்ளலாம் என்று சொன்னேன். பழம் கனிந்திருக்கிறது. குருவி வந்தால் தட்டட்டும். பக்கத்துப் பந்தலில் தட்டினாலும் தட்டட்டும், தெருவில் எந்த வீட்டிலிருந்து சத்தம் வந்தாலும் அவரும் தட்ட வேண்டும், அதுதான் அங்கே தங்குவதற்குச் சட்டம். அவர் திருந்துவாரா என்று எனக்குத் தெரியாது, அதில் நான் புளுக விரும்பவில்லை. முந்தானைக்குள் நடுங்கிய பிள்ளை அவருக்குள் எங்கேயாவது இருந்தால் சரி. பூமாரி அவரை மறுபடியும் வீட்டுக்குள் விடுவதும் விடாததும் பூமாரியின் இஷ்டம், அவசரம் ஒன்றும் இல்லை. தவசி, "கட்டில்ல மூட்டைப்பூச்சி இருக்குமா சின்னையா?" என்று கேட்டார். ஒவ்வொன்றும் ஆமை அளவு இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏட்டையா இதுவரை எழுதியதை உரக்க வாசித்துக் காட்டினார். அதன் பிறகு, அதன் பிறகு என்று வாசித்துக்கொண்டே வந்து இந்த இடத்தில் நிறுத்தியதும், வெளியே பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது.

"அப்புறம் மாமா?"

புகையிலைக் காரல் தொண்டையில் அடைத்துக்கொண்டது. உங்களுக்குப் புகையிலைப் பழக்கமே இல்லையே என்று ஏட்டையா கேட்கிறார். உண்மைதான், அதையும் எழுதிக்கொள்ளலாம். தொண்டை சரியானபின், "அப்புறம் கையெழுத்துதான் ஆத்தா. அப்புறம் குமுளி போயி டீ" என்று சொன்னேன்.

மேலே உள்ளது என் வாயால் சொல்லி, என் காதால் கேட்டு, நான் ஒப்புக்கொண்டது. யானை, ஒட்டகம், மூட்டைப்பூச்சி நீங்கலாக மற்ற யாவும் நடந்தது நடந்தபடி.

(ஒப்பம்)
அ. சுருளியாண்டி
பூமாரியின் தாய்மாமன்